இறையிலியும் ஊக்கத்தொகையும்

1

'மானியம்' என்ற சொல்லிலிருந்து தொடங்கலாம். உர மானியம், முதலீட்டு மானியம் என்று அரசு தருகிற பணத்துக்கு நாம் இன்று சொல்கிற இந்தச் சொல் முன்பு நிலத்தைக் குறித்தது. வரி கட்ட வேண்டாத நிலம். கோயில் மானியம், மடத்து மானியம், ஊர்த்தொழில் செய்பவனுக்கு விட்ட மானியம் என்று வயல்களின் பெயர்களில் அது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கும் பழைய சொல் இறையிலி. இறை என்றால் வரி. அரசன் தன் கஜானாவிலிருந்து எதையும் எடுத்துக் கொடுப்பதில்லை. தனக்கு வர வேண்டியதை வாங்காமல் விடுகிறான். கொடுப்பது கண்ணுக்குத் தெரியும், விடுவது தெரியாது. நவீன அரசு கம்பெனிகளுக்குச் செய்வதில் கணிசமான பகுதி இந்த வகைதான்.

ஆனால் சோழர் காலச் செப்பேடுகள் அந்தத் தெரியாத காரியத்தைத் தெரியும்படி எழுதி வைத்தன. நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய அரசன் எழுப்பிய புத்த விகாரத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலத்தை விட்டுக்கொடுத்த செப்பேட்டை, லெய்டன் செப்பேடு என்று பெயர் பெற்றுவிட்ட அதை, எடுத்துக்கொள்வோம். கடல் கடந்து வந்தவனுக்குத் தந்த சலுகை என்பதால் நம் பொருளுக்கு நெருக்கமானது. இத்தகைய பிரதிகளுக்கு ஒரு நிரந்தர அமைப்பு உண்டு. யாருக்கு விடப்படுகிறது, பிடி சூழ்ந்து வரையப்பட்ட எல்லை எது, எந்தெந்த வரி நீங்குகிறது, எந்த நிபந்தனையின் பேரில், உத்தரவை எழுதிய அதிகாரி யார் என்று வரிசையாகச் சொல்லப்படும். நீங்கியவற்றுக்குப் 'பரிகாரம்' என்று பெயர். நிபந்தனைகளுக்கு 'வியவஸ்தை' என்று பெயர். இரண்டையும் தனித்தனியே எண்ணி எழுதினார்கள். இவற்றோடு 'குடிநீக்கி' என்ற சொல்லும் சில சாசனங்களில் வரும். முன்பு உழுதுகொண்டிருந்தவனை அப்புறப்படுத்தி என்று பொருள்.

சோழர் ஆட்சியைப் பொற்காலமாக்கும் சொல்லாடலில் எனக்கு அக்கறை இல்லை. கல்லில் வெட்டியது பெற்றவனின் உரிமையைக் காப்பதற்கே தவிர, நீக்கப்பட்ட குடி படித்துப் பார்ப்பதற்காக அல்ல. இருந்தாலும் ஒன்று மிச்சமிருக்கிறது. ஆயிரம் ஆண்டு கழித்தும் ராஜராஜன் எதை, யாருக்கு, எந்த நிபந்தனையில் விட்டான் என்று நம்மால் படிக்க முடிகிறது. அவன் மகன் தலைநகர் அமைத்த கங்கைகொண்டசோழபுரம் இன்றைய அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது. அதற்குப் பக்கத்து ஊரான ஜெயங்கொண்டத்தில், சிப்காட் வளாகத்தில், தைவான் காலணி நிறுவனம் ஒன்றுக்கு 2024 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. ஆயிரம் கோடி முதலீடு, பதினைந்தாயிரம் பேருக்கு வேலை என்று செய்தி வந்தது. இதில் அரசு விட்ட இறை எவ்வளவு, வியவஸ்தை என்ன? இதைப் படிக்க ஒரு கல்லும் இல்லை.

2

இதே கேள்வியை ஐரோப்பாவில் கேட்டால் பதில் வேறு. அங்கே இதற்கென்று ஒரு சட்டமே இருக்கிறது. நிலக்கரிக்கும் எஃகுக்கும் பொதுச்சந்தை அமைத்த 1951ஆம் ஆண்டு ஒப்பந்தத்திலேயே அரசு மானியம் விலக்கப்பட்டது. 1957இன் ரோம் ஒப்பந்தம் அதை எல்லாத் தொழிலுக்கும் விரித்தது. இன்றைய ஒன்றிய ஒப்பந்தத்தின் 107, 108ஆம் உறுப்புகள் அதன் வாரிசுகள். சாரம் இதுதான்: உறுப்பு நாடு எதுவும் அரசுப் பணத்தைக்கொண்டு சில நிறுவனங்களுக்கு மட்டும் ஆதாயம் செய்து, போட்டியைத் திரித்து, நாடுகளுக்கிடையிலான வணிகத்தைப் பாதிக்கக் கூடாது. தர விரும்பினால் முன்கூட்டியே பிரஸ்ஸல்ஸில் உள்ள ஆணையத்திடம் தெரிவிக்க வேண்டும். ஆணையம் சம்மதிக்கும்வரை தரக் கூடாது. மீறித் தந்தால் பெற்றவனிடமிருந்து வட்டியோடு திரும்ப வாங்க வேண்டும்.

வரியை விடுவதும் உதவிதான் என்பது இந்தச் சட்டத்தின் முக்கியமான பாடம். அரசு நிலத்தைச் சந்தை விலைக்குக் கீழே விற்பதும் உதவிதான். ஆப்பிள் நிறுவனத்துக்கு அயர்லாந்து செய்துகொடுத்த வரி ஏற்பாடு சட்டவிரோத உதவி, 1,300 கோடி யூரோவை வசூலிக்க வேண்டும் என்று 2016 ஆகஸ்டில் ஆணையம் சொன்னது. அயர்லாந்து எனக்கு அந்தப் பணம் வேண்டாம் என்று வழக்காடியது. 2020இல் கீழ் நீதிமன்றம் ஆணையத்தின் முடிவை ரத்து செய்தது. 2024 செப்டம்பர் 10 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் அந்த ரத்தை ரத்து செய்து ஆணையத்தின் முடிவை உறுதிசெய்தது. வர வேண்டிய காசை வேண்டாம் என்று சொல்லி நீதிமன்றம் ஏறுகிற அரசு! இதைப் படித்து நாம் சிரிக்கலாம். ஆனால் நம் அரசுகளுக்கு அந்தச் சிரமம்கூட இல்லை. வாங்கு என்று சொல்ல ஆளே கிடையாது.

இந்தச் சட்டத்தை ஒரு நீதி நூலாக வாசிப்பது அபத்தம். அது காப்பது சந்தையை. தொழிலாளியின் கூலி, விவசாயியின் நிலம் இவையெல்லாம் அதன் மையத்தில் இல்லை. வாழ்க்கைத்தரம் மிகவும் தாழ்ந்த பகுதிகளுக்கு உதவலாம் என்று ஒரு விதிவிலக்கு இருக்கிறது. அந்த விதிவிலக்கு வழியாகத்தான் ஏழைகள் உள்ளே வருகிறார்கள். நெருக்கடி வந்தால் விதியையே தளர்த்திக்கொள்கிறார்கள். 2020இல் கோவிட், 2022இல் உக்ரைன் போர். அந்தப் போரையொட்டிய தளர்வில் அனுமதிக்கப்பட்ட 67,200 கோடி யூரோவில் 53 சதவீதம் ஜெர்மனிக்கும் 24 சதவீதம் பிரான்சுக்கும் போனது என்று 2023 ஜனவரியில் ஆணையமே சொன்னது. கொடுக்க வசதியுள்ளவன் கொடுத்தான். சமதளம் என்று பேசுகிற பிரதிக்குள் ஒளிந்திருக்கும் மேடு பள்ளம் இது.

இருந்தாலும் அதன் நடைமுறை நமக்கு உதவும் என்பது என் கருத்து. முன்னால் கேள், வெளியில் எழுது, தவறினால் திரும்ப வாங்கு. இந்த மூன்றையும் சந்தைக்காக அவர்கள் கண்டுபிடித்தார்கள். குடிக்காக நாம் கேட்கலாம்.

3

நோக்கியாவின் கதை இதற்குப் பொருத்தம். ஜெர்மனியின் போகும் நகரத் தொழிற்சாலைக்கு அந்த நிறுவனம் 1990களில் 8.8 கோடி யூரோ அளவுக்கு அரசு உதவி பெற்றிருந்தது. 2008 ஜனவரியில் மூடப்போவதாக அறிவித்தது. ஏறத்தாழ 2,300 பேர் வேலை இழந்தார்கள். ருமேனியாவின் ஜூகுவுக்கு உற்பத்தி போனது. மாநில அரசு சும்மா விடவில்லை. வேலை எண்ணிக்கை பற்றிய நிபந்தனையை மீறினாய், பணத்தை எடு என்றது. கடைசியில் சமரசம். அந்த நகரத்தின் மறுவாழ்வுத் திட்டத்துக்கு நோக்கியா 2 கோடி யூரோ தந்தது. கேட்டதைவிடக் குறைவுதான். ஆனாலும் கேட்க ஒரு தாள் கையில் இருந்தது. மூன்றே ஆண்டில், 2011இல், ஜூகுவையும் மூடப்போவதாக அறிவித்தார்கள்.

நம் ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் உற்பத்தியைத் தொடங்கி 2014 நவம்பர் 1 அன்று நிறுத்தினார்கள். இங்கே வழக்கு நடந்தது வரித்துறையோடு. வேலை இழந்த பெண்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர்கள் எத்தனை பேர் பெரம்பலூர், அரியலூர், விழுப்புரம் கிராமங்களிலிருந்து பிளஸ் டூ முடித்துப் போனவர்கள் என்று யாரும் எண்ணவில்லை. ஒரே கம்பெனி, மூன்று ஊர். மூன்றிலும் வந்தது, வாங்கியது, போனது. போகும்போது கணக்குக் கேட்கிற உரிமையில்தான் ஊருக்கு ஊர் வித்தியாசம்.

இந்தியாவில் மாநிலங்கள் ஒன்றோடொன்று போட்டி போட்டுச் சலுகை தருவதைத் தடுக்கும் சட்டம் ஏதும் இல்லை. அரசியல் சாசனத்தின் 301ஆம் உறுப்பு நாடு முழுதும் வணிகம் தடையின்றி நடக்க வேண்டும் என்கிறது. ஆனால் புதிய தொழில்களுக்குக் குறிப்பிட்ட காலத்துக்கு வரிவிலக்குத் தரலாம் என்று உச்சநீதிமன்றம் 1990இல் ஏற்றுக்கொண்டது. 2016 நவம்பரில் ஒன்பது நீதிபதிகள் அமர்வும் அந்தப் போக்கையே உறுதிசெய்தது. 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் கம்பெனிகளின் கூட்டுக் கொள்ளையைப் பார்க்கும். அரசு ஒரு கம்பெனிக்குத் தருவதைப் பார்க்காது. ஆக, ஆந்திரா எவ்வளவு தருகிறது, கர்நாடகா எவ்வளவு தருகிறது என்று கேட்டுக் கேட்டு ஏலம் போடுகிற வசதி கம்பெனிக்கு இருக்கிறது. ஏலத்தில் எடுத்த மாநிலம் வெற்றி என்று அறிவித்துக்கொள்கிறது. ஏலத்தில் விலை ஏற்றிவிட்டவர்கள் யார் என்பது பேசப்படுவதே இல்லை.

4

அரியலூருக்கு வருவோம். இது பழைய கடலின் அடிமட்டம். அந்தக் கடல் உயிர்களின் ஓடுகளும் எலும்புகளும் படிந்த பாறைதான் இன்று ஆலத்தியூர், கோவிந்தபுரம், ரெட்டிப்பாளையம், தளவாய், கீழப்பழுவூர் என்று வரிசையாக நிற்கும் சிமெண்ட் ஆலைகளுக்குத் தீனி. இவற்றுக்கு நடுவே அரசின் டான்செம் ஆலையும் இருக்கிறது. 1979இலிருந்து ஓடுகிறது. 2019இல் அதோடு பத்து லட்சம் டன் திறனுள்ள புதிய ஆலை சேர்ந்தது.

ஐரோப்பிய அளவுகோலை இங்கே வைத்துப் பார்த்தால் ஒரு விசித்திரம் நிகழும். முதலில் சந்தேகத்துக்கு ஆளாவது டான்செம்தான். அரசு தன் ஆலைக்குப் பணம் போட்டால், ஒரு தனியார் முதலாளி அதே சூழலில் அதைப் போட்டிருப்பானா என்று அந்தச் சட்டம் கேட்கும். போட்டிருக்க மாட்டான் என்றால் அது உதவி, போட்டியைத் திரிப்பது. 2015இல் தொடங்கிய அம்மா சிமெண்ட், மூட்டை 190 ரூபாய். 2021இல் வந்த 'வலிமை' சிமெண்ட். இவையெல்லாம் பொதுநலச் சேவை என்ற விதிவிலக்கின் கதவைத் தட்டி, நிபந்தனைகளுக்கு உட்பட்டு, உள்ளே போக வேண்டியிருக்கும்.

ஆனால் இந்தச் சந்தையைத் திரித்தவர் யார்? 1982இல் பாதியும் 1989இல் முழுதுமாக சிமெண்ட் மீதான விலைக்கட்டுப்பாடு நீங்கியது. 2012 ஜூனில் போட்டி ஆணையம் பதினொரு சிமெண்ட் நிறுவனங்கள் கூடிப்பேசி விலையை ஏற்றின என்று கூறி 6,000 கோடிக்கு மேல் அபராதம் போட்டது. அரியலூரில் ஆலை வைத்திருக்கும் பெயர்கள் அந்தப் பட்டியலில் உண்டு. 2015இல் மேல்முறையீட்டில் அது ரத்தாகி, 2016இல் மீண்டும் விதிக்கப்பட்டு, 2018இல் உறுதியாகி, நிறுவனங்கள் உச்சநீதிமன்றம் போயின. 2024 டிசம்பரில் இந்தியா சிமெண்ட்ஸ் அல்ட்ராடெக் வசம் போனதும், ரெட்டிப்பாளையமும் தளவாயும் ஒரே முதலாளியின் கீழ் வந்தன. சொற்ப விற்பனையாளர்கள் உள்ள சந்தையில் அரசு ஆலை ஒன்று இருப்பது விலைக்கு ஒரு கடிவாளம். போட்டியைக் காக்கும் சட்டம் அந்தக் கடிவாளத்தைத்தான் முதலில் விசாரிக்கும் என்றால், 'போட்டி' என்ற சொல்லுக்குள் யாருடைய அரசியல் இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

அதே அளவுகோலை மறுபக்கமும் திருப்பலாம். பொதுச்சொத்தை மலிவாகத் தருவதும் உதவி என்றால், சுண்ணாம்புக்கல்? மைய அரசு 2014இல் வைத்த உரிமைத்தொகை டன்னுக்கு 80 ரூபாய். கனிமத்துக்கு வரி விதிக்க மாநிலங்களுக்கு உரிமை உண்டு என்று 2024 ஜூலையில் உச்சநீதிமன்றம் சொன்ன பிறகு, தமிழக அரசு கனிமவள நில வரிச் சட்டம் கொண்டுவந்து, 2025 ஏப்ரலிலிருந்து சுண்ணாம்புக்கல்லுக்கு டன்னுக்கு 160 ரூபாய் விதித்தது. ஆலைகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. இந்த 160ஐ இவ்வளவு காலம் யார் விட்டார்கள்? பள்ளமான காடு, வற்றிய கிணறு, ரோட்டை அடைத்துக்கொண்டு போகும் கல் லாரி, வீட்டுக் கூரையில் படியும் தூசி இவையெல்லாம் எந்தக் கணக்கிலும் ஏறாத இறையிலி. விட்டவன் அரசன் மட்டுமல்ல. ஊர் முழுவதும் விட்டிருக்கிறது.

5

பெரம்பலூரின் கதை நிலத்தின் கதை. சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் பருத்தியும் விளைகிற மானாவாரிப் பூமி. 2005இன் சிறப்புப் பொருளாதார மண்டலச் சட்டம் வந்த வேகத்தில், திருமாந்துறைப் பகுதியில் ஒரு பெரிய மண்டலம் வருகிறது என்று ஜிவிகே நிறுவனமும் டிட்கோவும் சேர்ந்து இறங்கின. ஏறத்தாழ 3,000 ஏக்கர் கைமாறியது. மண்டலம் வரவில்லை. அரியலூர் பக்கம் ஜெயங்கொண்டம் நிலக்கரித் திட்டத்துக்கென்று 1990களில் பதின்மூன்று கிராமங்களில் 8,000 ஏக்கருக்கு மேல் எடுத்தார்கள். நிலக்கரியும் வரவில்லை, மின்சாரமும் வரவில்லை. திட்டத்தைக் கைவிட்டு நிலத்தைத் திருப்பித் தருவதாக அரசு சொல்ல இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் ஆயிற்று. 'குடிநீக்கி' என்ற சொல் மட்டும் நிறைவேறியது. அதற்குப் பின்னால் வர வேண்டிய வாசகம் எழுதப்படவே இல்லை.

இந்தப் பின்னணியில்தான் எறையூர் காலணிப் பூங்கா வந்தது. 2022இல் அரசு காலணி, தோல் பொருள் கொள்கையை வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் எறையூரில் அடிக்கல். அடுத்த ஆண்டே க்ராக்ஸ் செருப்புத் தயாரிக்கும் ஆலை திறக்கப்பட்டது. இதில் ஓர் உலக வரலாறும் இருக்கிறது. சீன, வியட்நாம் தோல் காலணிகள்மீது ஐரோப்பிய ஒன்றியம் 2006 முதல் 2011 வரை குவிப்புத் தடுப்பு வரி விதித்தது. பிறகு சீனாவில் கூலி ஏறியது. தைவான் முதலாளிகள் கூலி குறைந்த, அரசு கை நிறையக் கொடுக்கிற இடங்களைத் தேடினார்கள். எறையூர் அந்தத் தேடலின் ஒரு நிறுத்தம். கடைசி நிறுத்தம் என்று எவரும் எழுதித் தரவில்லை.

தமிழ்நாட்டுத் தொழிற்கொள்கைகளைப் பிரதியாக வாசித்தால் அதன் இலக்கணம் புரியும். முதலீட்டு மானியம், மாநில ஜிஎஸ்டியைத் திருப்பித் தருதல், மின்வரி விலக்கு, முத்திரைத்தாள் கட்டண விலக்கு, சிப்காட் நிலவிலையில் கழிவு. பின்தங்கிய மாவட்டம் என்றால் இன்னும் கூடுதல். மிகப்பெரிய திட்டம் என்றால் தனியாகப் பேசி முடிக்கும் தொகுப்பு. அந்தத் தனிப்பேச்சில்தான் பிரதி மௌனமாகிறது. முதலீட்டு எண்ணும் வேலை எண்ணும் மேடையில் வாசிக்கப்படுகின்றன. விட்ட எண் வாசிக்கப்படுவதில்லை. மைய அரசு 2006-07இலிருந்து வரவு செலவுத் திட்டத்தோடு 'விட்டுக்கொடுத்த வருவாய்' என்று ஓர் அறிக்கை இணைத்துவந்தது. பிற்பாடு அதன் பெயர் 'வரிச்சலுகைகளின் வருவாய்த் தாக்கம்' என்று மாறியது. விட்டுக்கொடுத்தவர் வாக்கியத்திலிருந்து காணாமல்போனார்.

சொற்களின் சாதிப்பிரிவினையையும் கவனியுங்கள். ரேஷன் அரிசி, மிக்சி, கிரைண்டர் என்றால் 'இலவசம்'. கம்பெனிக்கு என்றால் 'ஊக்கத்தொகை'. கலர் டிவி வழக்கு உச்சநீதிமன்றம்வரை போய் 2013இல் தீர்ப்பானது. 2022இல் பிரதமர் இலவசங்களை மிட்டாய்க் கலாச்சாரம் என்று கேலி செய்தார். ஊக்கத்தொகைக்கு இப்படி ஒரு பட்டப்பெயர்கூட வைக்கப்படவில்லை.

6

"வேலை குடுக்கிறான்ல, அப்புறம் என்ன கேள்வி?" என்று ஊரில் கேட்பார்கள். இந்தக் கேள்வியைத் தட்டிவிட்டுப் போகிற விமர்சனம் வெறும் வாய்ச்சவடால். திருப்பூருக்கும் சென்னைக்கும் ஹாஸ்டலைத் தேடிப்போன பெண், காலையில் ஊர் முக்கில் கம்பெனி பஸ் ஏறிச் சாயங்காலம் வீட்டுக்கு வருகிறாள் என்பது சின்ன விஷயமல்ல. கையில் சம்பளம் வரும் பெண்ணிடம் வீடும் தெருவும் பேசுகிற தொனி மாறுகிறது. சென்னையைச் சுற்றியே தொழில் குவிந்துகிடந்த மாநிலத்தில், பெரம்பலூருக்குக் கூடுதலாகக் கொடு என்பதில் நியாயம் இருக்கிறது. ஐரோப்பியச் சட்டமே பின்தங்கிய பகுதிக்கு வழி விடுகிறது. ஆகவே, மானியமே கூடாது என்பது என் வாதம் அல்ல. அது பணக்கார நாடுகள் ஏணியில் ஏறிய பிறகு நமக்குச் சொல்கிற புத்திமதி.

கேள்வி வேறு. அவளுடைய கூலியில் எவ்வளவு கம்பெனி தருவது, எவ்வளவு அவள் குடும்பமே வரியாகக் கட்டி அரசு வழியாகத் திரும்பி வருவது? மானியக் காலம் பத்து ஆண்டில் முடிந்து, பதினோராம் ஆண்டு கம்பெனி வேறு நாட்டுக்குக் கிளம்பினால், முப்பது வயதில் முதுகுவலியோடு நிற்கும் அவளுக்கு என்ன? இதைக் கேட்பதற்கு அவளிடம் ஒரு தாள் வேண்டும்.

இதில் இருக்கிற கசப்பான வேடிக்கை இதுதான். நம் சிறப்புப் பொருளாதார மண்டலச் சலுகை தடை செய்யப்பட்ட ஏற்றுமதி மானியம் என்று அமெரிக்கா புகார் செய்தது. உலக வர்த்தக அமைப்பின் குழு 2019 அக்டோபரில் அதைப் பெரும்பாலும் ஒப்புக்கொண்டது. இந்தியா மேல்முறையீடு செய்தது. அதை விசாரிக்க வேண்டிய அமைப்பே அந்த டிசம்பரோடு செயலிழந்துவிட்டது. ஐரோப்பாவும் 2023 ஜூலையிலிருந்து, வெளிநாட்டு அரசுகளிடம் மானியம் வாங்கி அங்கே தொழில் செய்யும் நிறுவனங்களைத் துருவிக் கேட்கத் தனிச்சட்டம் வைத்திருக்கிறது. நம் அரசு ஒரு கம்பெனிக்கு என்ன தந்தது என்று வாஷிங்டன் கேட்கலாம், ஜெனிவா கேட்கலாம், பிரஸ்ஸல்ஸ் கேட்கலாம். எறையூர்க்காரன் கேட்டால் வணிக ரகசியம்.

ஐரோப்பாவில் 2016இலிருந்து 5 லட்சம் யூரோவுக்கு மேற்பட்ட ஒவ்வோர் உதவியும் பெற்றவர் பெயரோடு வெளியிடப்பட வேண்டும். பின்னர் அந்த வரம்பு பெருமளவுக்கு 1 லட்சமாகக் குறைந்தது. நாம் கேட்பது இதைவிட எளிது. எந்தக் கம்பெனிக்கு, எந்தச் சர்வே எண் நிலம், என்ன விலைக்கு, எத்தனை ஆண்டுக்கு எந்த வரி நீங்கியது, எத்தனை நிரந்தர வேலை, என்ன கூலி, வாக்குத் தவறினால் எவ்வளவு திரும்ப வரும். ஒரு பக்கத்துக்குள் அடங்கும். தமிழில் எழுதிக் குன்னம் தாலுகா ஆபீஸ் சுவரிலும் ஜெயங்கொண்டம் தாலுகா ஆபீஸ் சுவரிலும் ஒட்டலாம். பரிகாரம் எழுதத் தெரிந்த அரசுக்கு வியவஸ்தை எழுதவும் தெரியும்.